முற்றத்தில் ஓலைக் குடில்: யூதப் பண்டிகைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

செட்டிநாட்டு வீடுகளில் தங்க வரும் ஆசாரமான யூதக் குடும்பங்களுக்கு (ஆர்த்தடாக்ஸ் என்பார்கள்) பண்டிகை நாளில் எப்படி உதவுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தேதிகள் 2026, 2027-க்கானவை. யூதர்களுக்கு நாள் மாலையில் பிறக்கிறது. அதனால் பண்டிகை என்றாலே முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கிறோம். ஆறு பேர் கொண்ட யூதக் குடும்பம் செப்டம்பர் கடைசியில் பத்து நாள் தங்க வருகிறது. "முற்றத்தில் சுக்கா போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். நாங்களே போட்டு வைத்துவிடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: போடலாம். சுக்கா என்றால் குடில்; முன்னோர் பாலைவனத்தில் குடிலில் வாழ்ந்ததை நினைத்து ஏழு நாள் குடிலிலேயே சாப்பிட்டுத் தூங்குவதுதான் சுக்கோத். தமிழ் விவிலியத்தில் இதைக் கூடாரப் பண்டிகை என்பார்கள். 2026-இல் செப்டம்பர் 25, வெள்ளி மாலை தொடங்குகிறது. அதை ஒட்டி வரும் நிறைவு விழாவும் சேர்ந்து அக்டோபர் 4, ஞாயிறு இரவு முடியும்.

குடிலுக்கு முக்கியம் கூரை. மண்ணில் விளைந்து, வெட்டி எடுத்த பொருளாக இருக்க வேண்டும். தின்கிற பொருளாகவோ பாத்திரம் பண்டமாகவோ இருக்கக் கூடாது. தகரம், ஃபைபர் ஷீட், தார்ப்பாய், துணி எதுவும் ஆகாது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும். அதே நேரம் மழை இறங்கும் அளவுக்கு இடைவெளியும் வேண்டும். தலைக்கு மேலே திறந்த வானம் இருக்க வேண்டும். மரத்தடியிலும் மாடிக்கு அடியிலும் போட்டால் செல்லாது. தென்னை ஓலை இதற்கு ரொம்பப் பொருத்தம். கொச்சி யூதர்களும் தென்னை ஓலைதான் போட்டார்கள். படுக்கிற பாய் ஆகாது. முடைந்த கீற்று கூரைக்கென்றே செய்வது என்றாலும், பாயோடு சேர்த்து எண்ணிச் சிலர் தயங்குவார்கள். முடையாத பச்சை மட்டையே போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பத்துக்கு எட்டு அடிக் குடிலில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்கு 12 முதல் 15 மட்டை போதும். ஆனால் இன்னும் ஐந்தாறு வெட்டி நிழலில் போட்டு வையுங்கள். பச்சை ஓலை மூன்று நான்கு நாளில் சுருங்கிவிடும். கட்டும்போது நிழலாக இருந்த இடத்தில் வெயில் அடிக்க ஆரம்பிக்கும். அப்போது மேலே சேர்த்துப் போட வேண்டும். அதையும் இடைநாட்களில்தான் செய்யலாம். முதல் இரண்டு நாளிலும் சனிக்கிழமையிலும் கை வைக்க முடியாது. குறுக்குக் கழிகளுக்கு மூங்கில் போடுங்கள். ஓலையை இரும்புக் குழாய் மேல் நேரே படுக்க வைப்பதையும், கம்பியால் இறுக்கிக் கட்டுவதையும் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சுவர் எதனாலும் இருக்கலாம், ஆனால் சாதாரணக் காற்றுக்கு ஆடக் கூடாது. பந்தல்காரர் கட்டும் படுதா படபடவென்று அடித்தால் அது சுவராகக் கணக்கில் வராது. அதற்கு ஒரு வழி உண்டு: படுதாவை ஒட்டி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை குறுக்காகக் கயிறு இழுத்துக் கட்டுங்கள். கயிற்றுக்குக் கயிறு 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரைக்கும் முதல் கயிற்றுக்கும் நடுவிலும் அதே கணக்கு. நெருங்கிய கயிறுகளையே அவர்கள் சட்டம் சுவராக ஏற்கிறது.

இனி உங்கள் முற்றம். சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் திறந்த வெளி என்ற அமைப்பைப் பற்றியே யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பேசுகிறது. முற்றத்துக்கு மட்டும் ஓலை போட்டு, வீட்டுச் சுவரையே குடிலின் சுவராகக் கொள்ள வேண்டுமானால், ஓலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள ஓட்டுக் கூரை நான்கு முழத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் நான்கு முழம் ஏறக்குறைய 1.9 மீட்டர். வளவுத் தாழ்வாரம் பல வீடுகளில் அதைவிட அகலம். அளந்து பாருங்கள், கூடுதலாக இருந்தால் முற்றத்துக்குள்ளேயே நான்கு கால் நட்டுத் தனிச் சுவர் எழுப்புவதுதான் சரி. ஓட்டுச் சரிவுக்கு அடியில் வரும் பகுதி குடில் ஆகாது, சாப்பாட்டு மேசை முழுக்க ஓலைக்குக் கீழே இருக்கட்டும்.

முற்றத்து மேலே ஷீட் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், பிறகு சுவர், கடைசியில் ஓலை. இந்த வரிசை மாற வேண்டாம். குரங்குக்காகக் கம்பி வலை அடித்திருந்தால் படம் பிடித்து இப்போதே அனுப்பி, அவர்கள் ரபையிடம் (மதகுரு) கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பியின் தடிமனும் கண்ணின் அகலமும் பார்த்துத்தான் அவர் சொல்வார்.

காலும் சுவரும் உங்கள் ஆட்கள் போடலாம். ஓலையை அவர்களே பரப்பட்டும், அதில்தான் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அலங்காரத்துக்குப் பழம், காகிதப் பூ, விளக்குச் சரம் எல்லாம் தொங்கவிடலாம். சாமி படம், கும்பம், பூசையில் வைத்த மாலை வேண்டாம். சாமிக்குப் படைத்த பழத்தையும் அன்பாகக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அதைத் தொட்டு அனுபவிக்கவே அவர்களுக்குத் தடை இருக்கிறது.

அந்த மாதம் நம் பக்கம் சாயங்கால இடிமழை உண்டு. மழையில் நனைந்துகொண்டு சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, எழுந்து உள்ளே வந்துவிடலாம். முதல் ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் காத்திருந்து பார்ப்பார்கள். ஓலை நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போடலாம், ஆனால் சாப்பிடும்போது அது மேலே இருக்கக் கூடாது.

கேள்வி: கறி மீன் புழங்காத அடுப்படி எங்களுடையது. சுத்த சைவமாகச் சமைத்துத் தருகிறோம் என்றாலும், வரப்போகிறவர்கள் "அடுப்பு மட்டும் போதும்" என்கிறார்கள். என்ன குறை கண்டார்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: குறை ஒன்றுமில்லை, அவர்கள் கணக்கு வேறு. சைவம் என்பது கோஷரில், அதாவது அவர்கள் உணவு விதியில், ஒரு பாதியைத் தாண்டாது. பாத்திரம் முன்பு எதைச் சமைத்தது, கீரையில் பூச்சி பார்த்தார்களா, அடுப்பை யார் பற்ற வைத்தார்கள் என்று மூன்றையும் பார்ப்பார்கள். யூதர் அல்லாதவர் முழுக்கச் சமைத்த சோறும் குழம்பும், பொருள் சுத்தமாக இருந்தாலும், அவர்களுக்கு ஆகாது. ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசிகள், தங்களில் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்தால் போதும் என்பார்கள். ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்த செஃபார்டிகள் பானையையே தாங்கள் தூக்கி வைக்க வேண்டும் என்பார்கள். வருகிறவர்கள் எந்த வழி என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இன்னும் பல கேள்விக்கு அதிலேயே விடை கிடைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை: இரண்டாம் கட்டில் ஓர் இடத்தை ஒதுக்கி, புது இரட்டை அடுப்பு, நிறைந்த சிலிண்டர், புது எவர்சில்வர் பாத்திரம் நாலைந்து, புதுக் கத்தி, புதுப் பலகை வையுங்கள். பால், இறைச்சி இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும். இறைச்சி கொண்டுவரப் போவதில்லை என்றால் ஒரு செட் போதும். இருக்கிற எவர்சில்வர் அண்டாவையே எடுத்துக்கொள்ள நினைத்தால், தேய்த்துக் கழுவி, 24 மணி நேரம் எதற்கும் தொடாமல் வைத்து, கொதிக்கிற தண்ணீரில் முழுக்க முக்கிப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அதை அவர்கள் கண்முன் செய்ய வேண்டும். ஆணி அடித்த கைப்பிடி இடுக்கில் பிசுக்கு இருந்தால் பலிக்காது. மண்சட்டியும் பீங்கானும் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உறிஞ்சியதை விடாது என்பது சட்டம். ஆச்சிமார் சேர்த்து வைத்த எனாமல் பாத்திரங்களையும் பெரும்பாலோர் அதே கணக்கில்தான் வைப்பார்கள். அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

உதவி செய்கிறேன் என்று வெங்காயம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை நறுக்கி வைத்துவிடாதீர்கள். காரமும் நெடியும் உள்ள பொருள் கத்தியில் ஊறியதை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். நம் அரிவாள்மனையில் அரிந்த வெங்காயம் அப்படியே வீணாகும். முழுதாகக் கொடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, காலிஃப்ளவர் கொடுத்தால் உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, வெளிச்சத்தில் இலை இலையாகப் பார்க்கவே அரை நாள் போய்விடும். பீர்க்கு, புடலை, பூசணி, வாழைக்காய், சேனை எளிது.

தட்டுக்குக் கவலையே வேண்டாம். வாழை இலை போடுங்கள். புது இலை, எதையும் உறிஞ்சாதது, கழுவவும் வேண்டாம். ரொட்டி சாப்பிடும் முன் பாத்திரத்தால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவுவார்கள். அகல வாய்ச் செம்பு ஒன்று வையுங்கள். விளிம்பிலிருந்து ஊற்றுவதே முறை, அதனால் மூக்கு வைத்த கிண்டி சரிப்படாது. மேசையில் திறந்த ஒயின் புட்டி இருந்தால் உங்கள் பணியாள் எடுத்து ஊற்ற வேண்டாம். காய்ச்சாத கோஷர் ஒயினை வேறு மதத்தார் கையாண்டால் அதைக் குடிக்க மாட்டார்கள்.

கேள்வி: சனிக்கிழமை அவர்கள் விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்களாமே. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான். என்ன செய்து கொடுக்க வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: சனிக்கிழமை ஓய்வுநாளைச் சபத் என்பார்கள். வெள்ளி சூரியன் மறையும் முன்னிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை நெருப்பு, சமையல், மின்சாரம், எழுத்து, வெளியே பொருள் தூக்கிப் போவது எதுவும் இல்லை. மறைவுக்கு 18 நிமிடம் முன் விளக்கேற்றுவார்கள். காரைக்குடிப் பக்கம் செப்டம்பர் 25-இல் சூரியன் மறைவது சுமார் 6.10, ஆக 5.50-க்கு வீட்டம்மா தீக்குச்சியோடு நிற்பார். அதற்குள் நீங்கள் முடிக்க வேண்டியவை: எரிய வேண்டிய விளக்கைப் போட்டு, சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள். ஆள் நடமாட்டத்துக்குத் தானே எரியும் விளக்கை நிறுத்துங்கள். ஃபிரிஜ் உள்விளக்கைக் கழற்றுங்கள். கீசரை அணையுங்கள், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே புதுத் தண்ணீர் ஏறிச் சூடாகும், அது சமையல் கணக்கு. குளியலறையில் கிழித்து வைத்த டிஷ்யூ போடுங்கள். சாப்பாடு சூடாக இருக்கத் தகட்டு மூடி போட்ட சிறு தீயோ மின் தட்டோ முன்பே எரிந்துகொண்டிருக்கும், அதைத் தொடாதீர்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது இரவு பத்து மணிக்கு. வழக்கப்படி ஒவ்வொரு கட்டாக விளக்கை அணைத்துக்கொண்டே போய்விடுவீர்கள், அவர்கள் காலைவரை இருட்டில் கிடப்பார்கள். "போடுங்கள்" என்று சொல்லவும் அவர்களுக்கு அனுமதியில்லை. அவர்களுக்காகவே நீங்கள் போட்டாலும் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தத் தயங்குவார்கள். உங்கள் வேலைக்காக நீங்கள் போட்டுக்கொண்டால் அது வேறு. ஜெனரேட்டர் கரண்ட் போனால் தானே ஓடும்படி வைத்துவிடுங்கள். வீதியில் சாவியைக்கூட எடுத்துப் போக முடியாது, அதனால் அவர்கள் நடந்துவிட்டுத் திரும்பும்போது முகப்பில் ஆள் இருக்க வேண்டும். அட்டை வைத்துத் திறக்கும் பூட்டு கூடாது, பழைய இரும்புச் சாவியே நல்லது.

பண்டிகை நாளில் கொஞ்சம் தளர்வு உண்டு: ஏற்கனவே எரியும் தீயிலிருந்து தீ எடுத்துச் சமைக்கலாம், புதிதாகப் பற்ற வைக்கவும் அணைக்கவும் கூடாது. இந்த முறை சுக்கோத்தின் முதல் நாளே சனி. ஞாயிறு சமையலுக்கு வெள்ளி மாலையே ஏற்றி வைத்த நெருப்பு வேண்டும். 48 மணி நேரம் தாங்கும் மெழுகு விளக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். சனி இரவு நட்சத்திரம் வந்த பிறகுதான் மறுநாள் வேலையைத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் காய்கறி கையில் இருக்கட்டும்.

கேள்வி: சுக்கோத்துக்குக் கையில் பிடிக்கும் எத்ரோக் பழம் நம் நார்த்தங்காய்தானே? கொல்லையில் மரம் நிறையக் காய்த்திருக்கிறது.
– வாசகி, புதுவயல்

பதில்: ஒரே குடும்பம்தான், ஆனால் கொடுக்காதீர்கள். ஒட்டுக்கட்டிய மரத்துக் காய் செல்லாது. ஒட்டு இல்லை என்று தலைமுறைச் சான்றுள்ள தோட்டத்துக் காயைத்தான் வாங்குவார்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் முனை இருந்தால் அது ஒடிந்திருக்கக் கூடாது. அவர்கள் பஞ்சில் பொதிந்து கொண்டுவருவார்கள், வீடு கூட்டுகிறவர்கள் அந்தப் பெட்டியைத் தொடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: நான் சமையல் வேலை செய்பவன். அடுத்த ஏப்ரலில் பஸ்காவுக்கு வரும் குடும்பத்துக்குச் சாமான் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். புளித்தது கூடாது என்றால் இட்லி, தயிர் எல்லாம் போச்சா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். புளிப்பு என்பது அவர்களுக்குச் சுவை இல்லை. கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியத்தின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் அது ஹாமெட்ஸ். அது மட்டும்தான் தடை. தயிர் புளித்தாலும் அது ஹாமெட்ஸ் இல்லை. இட்லி மாவும் ஹாமெட்ஸ் இல்லை. ஆனால் அஷ்கனாசிகள் அரிசி, உளுந்து, துவரை, கடலை, எள், கடுகு எல்லாவற்றையும் வழக்கமாகவே அந்த எட்டு நாளும் ஒதுக்கிவிடுவார்கள். செஃபார்டிகள் பலரும் இந்திய யூதர்களும் அரிசி சாப்பிடுவார்கள்; கோதுமை கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிப் பார்ப்பார்கள். கவுனி அரிசியையும் அப்படித்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெருங்காயம். கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம், பல வகைகளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகை குழம்பில் விழுந்தால் குழம்போடு பானையும் போயிற்று. அடுப்படியிலேயே வைக்காதீர்கள். ரவை, சேமியா, மைதா சொல்லவே வேண்டாம். பொடித்த மசாலா வேண்டாம். முழு மிளகு, முழு மிளகாய், விரலி மஞ்சள் வாங்கிப் புது மிக்சியில் அரைக்கட்டும். வெந்தயம், சீரகம், சோம்பையும் பல குடும்பங்கள் தவிர்க்கும். அஷ்கனாசிகளுக்குத் தாளிப்பு என்றால் தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம், வரமிளகாய், சுத்தம் பார்த்த கறிவேப்பிலை. நல்லெண்ணெய் எள் என்பதால் வெளியே. உருளை, சேனை, கத்தரி, வாழைக்காய், தேங்காய் இவற்றை வைத்தே எட்டு நாளும் ருசியாக ஓட்டலாம்.

மட்சா என்ற புளிப்பில்லா அப்பத்தை அவர்களே கொண்டுவருவார்கள். சப்பாத்தி போட்டுத் தருகிறேன் என்று முன்வராதீர்கள். அந்தக் கோதுமை அறுவடையிலிருந்தோ அரைப்பதிலிருந்தோ ஈரம் படாமல் காவல் காத்ததாக இருக்க வேண்டும். பஸ்கா இரவு விருந்தில் சாப்பிடும் கசப்புக் கீரைக்குப் பாகற்காயும் ஆகாது. மிஷ்னா சொல்லும் ஐந்து செடிகளில் ஒன்று வேண்டும். நடைமுறையில் நீள இலை லெட்டூஸ். கொடைக்கானல் காய்கறி விற்கும் கடையில் முன்பே சொல்லி வையுங்கள். ஒயினும் அவர்களுடையதே. அந்த விருந்தில் ஆளுக்கு நான்கு கோப்பை, குறைந்த அளவு கோப்பைக்கு 86 மில்லி. ஆறு பேருக்கு ஓர் இரவுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 750 மில்லி புட்டி மூன்று. பெரிய அளவான 150 மில்லியைக் கைக்கொள்பவர்களுக்கு ஐந்து. பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு.

2027-இல் ஏப்ரல் 20, செவ்வாய் இரவு மெழுகுவத்தி பிடித்து மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கைத் தேடுவார்கள். 21 காலை அதைக் கொளுத்துவார்கள், கொல்லையில் இடம் காட்டுங்கள். அன்று மாலை பஸ்கா, சித்ரா பௌர்ணமியை ஒட்டி. வியாழன், வெள்ளி பண்டிகை, அடுத்து சனி. அதனால் புதன் அன்றே ஒரு மட்சாவும் அவித்த முட்டையும் தனியே எடுத்து வைத்து மந்திரம் சொல்வார்கள். அப்போதுதான் வெள்ளியன்று சனிக்குச் சமைக்கலாம். மிச்சம் என்று நினைத்து அந்தத் தட்டை யாரும் காலி செய்துவிடக் கூடாது.

கேள்வி: லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டார் ஆசார யூதர்கள், அவர்கள் புத்தாண்டுக்குச் சீப்புச் சீடை கொண்டுபோகலாமா?
– வாசகி, ஆத்தங்குடி

பதில்: சீடையை வாங்கிக்கொள்வார்கள், சாப்பிட முடியாது. அதைவிட ஒரு கொட்டானில் முழு மாதுளை, பேரீச்சை, கோஷர் முத்திரை உள்ள தேன் புட்டி வைத்துக் கொடுங்கள். ரோஷ் ஹஷானா இரவில் ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள், மாதுளையும் மேசைக்கு வரும். செஃபார்டி வீடானால் தட்டைப்பயறும் பூசணியும் பேரீச்சையும் சேரும். முந்திரி, பாதாம் வேண்டாம்; கொட்டை வகையைப் பலர் அன்று தவிர்ப்பார்கள். 2026-இல் செப்டம்பர் 11 மாலை தொடங்குகிறது, அன்று பகலிலேயே கொடுத்துவிடுங்கள். செப்டம்பர் 20 மாலை தொடங்கும் யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) 25 மணி நேரத் தண்ணீரில்லா உபவாசம். அன்று வாழ்த்துச் சொல்லப் போய்க் கதவு தட்ட வேண்டாம்.

கேள்வி: நகரத்தாருக்கும் யூதர்களுக்கும் பழைய தொடர்பு ஏதும் உண்டா?
– வாசகர், கொத்தமங்கலம்

பதில்: செட்டிநாட்டில் யூதக் குடியிருப்பு இருந்ததில்லை. நமக்கு அருகில் பழைய சமூகம் என்றால் கொச்சி. அங்கே பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டியது. ஆனால் இரங்கூனில் நம்மவர் மொகல் தெருவில் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பாக்தாத்திலிருந்து வந்த யூதர்கள் நடந்து போகும் தூரத்தில் 26-ஆம் தெருவில் ஜெபாலயம் வைத்திருந்தார்கள். 1890-களில் எழுந்த அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

கேள்வி: டிசம்பரில் வரும் ஹனுக்கா என்ற எட்டு நாள் விளக்குப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைக் கொடுக்கலாமா? அகல் நல்லதா?
– வாசகி, செட்டிநாடு

பதில்: குத்துவிளக்கு வேண்டாம். பூசை விளக்கு என்பது ஒன்று, திரிகள் வட்டமாக நிற்பது இன்னொன்று. எட்டுச் சுடரும் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே தெரிய வேண்டும். மண் அகல் முதல் நாளுக்கு அழகு, ஆனால் ஒரு ராத்திரி எரிந்த மண் விளக்கைப் பழசு என்று மறுநாள் ஏற்ற மாட்டார்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி எட்டு நாளில் 36 அகல். தினம் ஏற்ற உதவும் துணை விளக்கையும் சேர்த்தால் 44. அத்தனை வாங்குவதைவிட எட்டுச் சிறு கண்ணாடிக் கிண்ணம் போதும், கழுவிக் கழுவி வைக்கலாம். எண்ணெய் ஆலிவ் சிறப்பு. கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் செல்லும்.

விளக்குகளை வலமிருந்து இடமாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள், ஏற்றும்போது அன்று புதிதாகச் சேர்ந்த இடப்பக்கத்து விளக்கை முதலில் ஏற்றுவார்கள். இருட்டிய பின் அரை மணி நேரம் எரிய வேண்டும். 2026-இல் முதல் விளக்கு டிசம்பர் 4, வெள்ளி. சபத்துக்கு முன் ஏற்றியாக வேண்டும் என்பதால் அன்று மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு எண்ணெய் விட வேண்டும். காற்றடிக்கும் இடத்தில் வைத்து அணைந்துபோனால், சபத் தொடங்கிய பின் மறுபடி ஏற்றவும் முடியாது. முகப்புத் திண்ணையில் காற்று மறையும் மூலையாகப் பார்த்துக் கொடுங்கள்.